பொறுங்க அக்காவின் நான்கு வினாடி

சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையில் சூதுவாது இருக்காது என்று பலரும் நம்புகிறார்கள். நான் அப்படிப்பட்ட வேலையில் ஏழு வருடம் இருந்தவன். நாங்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் நான்கு பேரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நால்வரில் நானும் ஒருவன். ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பொறுங்க அக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது நாங்கள்தான். அன்பில் வைத்த பெயர் இல்லை, கிண்டலில் வைத்தது.

என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கியதும், உள்ளே ஒரு நிரல் எல்லாவற்றுக்கும் முன்னால் கண் விழிக்கும். அது எழுந்துதான் மற்ற நிரல்களை எழுப்ப வேண்டும். கடிகாரம், நெட்வொர்க், ஒலி, பிரிண்டர் என்று யாரை முதலில் எழுப்புவது, யாரைப் பிறகு எழுப்புவது, எழுந்திருக்காதவரை என்ன செய்வது என்பதெல்லாம் அதன் பொறுப்பு. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைக்கப்பட்ட ஓர் இயங்குதளத்தை நாங்கள் பயன்படுத்திவந்தோம். அதில் இந்த எழுப்பும் வேலையைச் செய்த நிரல் வருடத்துக்கு வருடம் ஊதிப் பெருத்து, எழுப்புவதோடு நிற்காமல் எல்லாக் காரியத்திலும் மூக்கை நுழைத்தது. அதை எழுதியவர்கள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்களுக்கு வெறுத்துப்போனது. அதற்குப் 'பெரியது' என்று பெயர் வைத்துவிட்டு, மாற்றாகச் சின்னதாக ஒன்றை நாங்களே எழுதினோம். அதன் பெயர் 'எழுப்பி'. எழுப்பியின் இணையதள முகப்பில், 'நாங்கள் காது கொடுத்துக் கேட்போம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அந்த வரியை எழுதிய கையும் என்னுடையதுதான்.

பிரிண்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுவோம். கடைக்காரருக்குப் பட்டப்பெயர் வினாடி. எந்தப் பேச்சை எடுத்தாலும் அது எத்தனை வினாடி ஆகும் என்பதில்தான் வந்து நிற்பார். அவர் கை பட்ட டீக் கோப்பைகளில் எல்லாம் கறுப்பு மை விரல் விரலாக இருக்கும். இரண்டாவது ஆள் ஒரு கல்லூரி விரிவுரையாளர். விதிமுறை இல்லாமல் தும்மக்கூட மாட்டார் என்பதால் அவர் சட்டம். மூன்றாவது ஆள் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச்சீட்டுகளை எழுதுபவர். எழுப்பிக்கு விளக்கம் எழுதுவதும் அவரே என்பதால் கையேடு. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். எழுப்பியில் என் பங்கு முகப்புத் திரை. எல்லாம் எழுந்து முடிந்ததும் திரை நடுவில் பச்சை எழுத்தில் 'தயார்' என்று வருமே, அது நான் செய்தது. அந்தப் பச்சைக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சிரிக்க வேண்டாம். ஓசியில் உழைக்கிறவனுக்கு இப்படி ஏதாவது ஒரு பெருமை தேவைப்படுகிறது.

அக்கா பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று பதிவேட்டில் எழுதுகிற வேலை. நிரல் எழுதுவதைத் தானாகவே கற்றுக்கொண்டார், அதுவும் தம்பிக்காக. தம்பிக்கு இருபத்தைந்து வயதில் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, வரி விடாமல் தட்டச்சு செய்து அனுப்புவது அவருடைய தொழில். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு குரல் நிரல்தான் அவருக்குக் கண். பெரியதின் ஏதோ ஒரு பதிப்பு வந்ததிலிருந்து அந்தக் குரல் சில நாள் வரும், சில நாள் வராது. ஒலிக்கருவி எழுந்திருக்கும் முன்பே பெரியது குரலை எழுப்பிவிடும். பேச வழியில்லாமல் குரல் சத்தமில்லாமல் செத்துப்போகும். செத்ததா பிழைத்ததா என்று அதற்கப்புறம் எட்டிப் பார்க்க நாதியில்லை. அக்கா பெரியதின் ஆட்களுக்கு ஏழு முறை எழுதியிருக்கிறார். வந்த பதில் ஒன்றே ஒன்று: 'அரிதான நிலை. புகார் மூடப்பட்டது.'

அப்புறம்தான் எங்கள் முகப்பில் இருந்த வரியைப் பார்த்துவிட்டு வந்தார். காது கொடுத்துக் கேட்போம் என்று போட்டிருந்தீர்களே, கேளுங்கள் என்றார். கேட்டோம். அந்த நாளில் நாங்கள் அவ்வளவு மோசமில்லை.

வந்த மாதத்திலேயே எழுப்பியின் முதுகெலும்பை அவர் மாற்றி எழுதினார். அதுவரை எழுப்பி ஒவ்வொரு நிரலையும் தட்டிவிட்டு, அது எழுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். அக்கா எழுதிய பகுதி தட்டிவிட்டு நிற்கும். 'எழுந்துவிட்டாயா?' என்று கேட்கும். பதில் வந்தால்தான் நகரும். வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், 'இன்னார் வரவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும்; வராதது குரலே என்றால் கம்ப்யூட்டரை 'பீப்' அடிக்க வைத்துத் தெரிவிக்கும். அந்தப் பகுதிக்கு அவர் வைத்த பெயர் 'பொறு'. நாங்கள் எதையாவது முடிந்துவிட்டது என்று சொன்னாலும், 'பொறுங்க, பாத்துட்டு சொல்றேன்' என்பார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவர் பார்க்கும் விதமே தனி. நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துச் சோதிப்போம். அவர் மானிட்டரின் வயரைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, பொத்தானை அமுக்கி, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குரல் வந்து, 'தயார்' என்று சொன்னால்தான் அவர் கணக்கில் கம்ப்யூட்டர் எழுந்ததாக அர்த்தம். என் பச்சை எழுத்தை அவர் ஒருநாளும் பாராட்டியதில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு கடுப்பு இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டிப்போவிலும் அவர் அப்படித்தானாம். மற்ற நேரக்காப்பாளர்கள் அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே கிளம்பிய நேரத்தை எழுதி வைத்துவிடுவார்கள். ஏட்டில் எல்லா வண்டியும் சரியான நேரத்துக்குப் போயிருக்கும். ஜனங்கள் நிறுத்தத்தில் காய்ந்துகொண்டிருப்பார்கள். இவர் மட்டும் வண்டியின் பின்சக்கரம் கேட்டைத் தாண்டும் வரை பேனாவைத் திறக்க மாட்டார். அதனால் மாதக் கடைசியில் தாமதப் பட்டியலில் முதலிடம் எப்போதும் இவருடைய ஷிஃப்ட்டுக்குத்தான். மேலாளர் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். எழுதினது பொய்யாக இருந்தால் திட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஆறு வருடம் இப்படி ஓடியது. அந்த ஆறு வருடத்தில் அக்காவின் தம்பி ஒருநாள்கூடத் தன் கம்ப்யூட்டரைத் திறக்க வேறு ஒருவரைக் கூப்பிடவில்லை. அக்கா காலை ஷிஃப்ட்டுக்குப் போன பிறகு எழுந்து, காபி போட்டுக்கொண்டு, பொத்தானை அமுக்கி, குரல் வந்ததும் வேலையைத் தொடங்குவார். அக்காவுக்கு எழுப்பியால் கிடைத்த கூலி அதுதான். வேறு எதையும் அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு அட்டவணை வந்தது.

வேலையற்ற ஒருவர், எங்களைப் போன்ற மாற்று நிரல்களை எல்லாம் வரிசைப்படுத்தி இணையத்தில் போட ஆரம்பித்தார். எது சீக்கிரம் எழுகிறது என்பதுதான் போட்டி. திரைக்கு எதிரே கேமராவை வைத்து, பொத்தானை அமுக்கியதிலிருந்து 'தயார்' என்ற சொல்லோ அதைப் போன்ற ஒன்றோ திரையில் வரும் வரை எண்ணுவார். முதலிடம் பிடித்தது ஏழு வினாடி. நாங்கள் பதினொன்று, ஒன்பதாவது இடம். அன்றிலிருந்து எங்கள் பின்னறைக்குப் பேய் பிடித்தது. அதற்கு முன்னால் எழுப்பி யாருக்கு உதவுகிறது என்று பேசியவர்கள், அதற்குப் பிறகு எட்டாவது இடத்தில் இருப்பவன் எப்படி ஏமாற்றுகிறான் என்று பேசினார்கள். வினாடி கடையில் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம், மனிதகுலத்தின் சுதந்திரத்துக்கும் ஒன்பதாவது இடத்துக்கும் என்ன தொடர்பு என்று நீளநீளமாகக் கடிதம் எழுதினார். வளர்ந்த ஆட்கள் இப்படி அல்பமாக ஆவதைக் கிட்ட இருந்து பார்ப்பது அருவருப்பான காட்சி. ஆனால் எனக்கு அன்று அருவருக்கவில்லை. நானும் தினமும் அட்டவணையைத் திறந்து பார்த்தேன்.

அந்தப் பதினொன்றில் நான்கு வினாடி ஒலிக்காக 'பொறு' நிற்கிற நேரம் என்று வினாடி கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை மேசைமேல் வைத்தார்.

"நாலு செகண்ட் சும்மா உக்காந்திருக்கு. யாருக்காக?" என்றார்.

"தம்பிக்காக," என்றார் அக்கா.

"ஒரு ஆளுக்காக எல்லாரும் நிக்கணுமா?"

"நிக்க வேணாம். தயார் ஆகறதுக்கு முன்னாடி தயார்னு பொய் சொல்லாம இருந்தா போதும்."

பிறகு கையேடு சமரசத்துக்கு வந்தார். 'பொறு'வைத் தூக்கி எறிய வேண்டாம்; அமைப்புகள் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்துவிடலாம்; வேண்டியவர் அதில் டிக் போட்டுக்கொண்டால் 'பொறு' வேலை செய்யும், மற்றவர்களுக்குச் செய்யாது என்றார். எல்லோரும் தலையாட்டினோம். குரல் வராத கம்ப்யூட்டரில், குரலை வரவழைக்கும் பெட்டி திரையில் எங்கே இருக்கிறது என்று கண் தெரியாதவர் எப்படிப் பார்ப்பார் என்று அக்கா கேட்டார். அது நியாயமான கேள்வி என்று கையேடு குறித்துக்கொண்டார். குறித்துக்கொண்டதோடு சரி.

'பொறு'வை நீக்கிப் பெட்டியாக்குவதா, அப்படியே வைப்பதா என்று ஓட்டெடுப்பு வைக்கலாம் என்றார் சட்டம். அதுவும் ரகசிய ஓட்டெடுப்பு. முகத்துக்கு முகம் பார்த்தால் தாட்சண்யம் வந்துவிடுமாம். கடையில் கிடந்த காகிதத்தைக் கிழித்து எழுதிப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. எங்களுக்கு அது எப்படிப் போதும்? யார் எதற்குப் போட்டார்கள் என்று யாராலும், எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாத ஓட்டு நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தோம். மூன்று வாரம் ஆனது. சங்கேதம், சங்கேதத்துக்குமேல் சங்கேதம், ஓட்டுகளின் வரிசையைக் குலைப்பதற்குத் தனியாக ஒரு பகுதி. அந்த மூன்று வாரத்தை ஒலிக்கருவியைச் சீக்கிரம் எழுப்புவதற்குச் செலவிட்டிருந்தால் நான்கு வினாடி இரண்டாகக் குறைந்திருக்கும். இதை அக்கா சொன்னார். யாரும் கேட்கவில்லை.

நான் 'பொறு'வை நீக்கச் சொல்லி ஓட்டுப் போட்டேன். காரணத்தைப் பூசி மெழுகப் போவதில்லை. என் பச்சைத் 'தயார்' ஏழாவது வினாடியில் வந்து நிற்பதை அந்தக் கேமரா படம்பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். முடிவு வந்தது: நீக்க நான்கு, வைக்க ஒன்று. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

புதிய பதிப்பை எல்லோருடைய கம்ப்யூட்டருக்கும் அனுப்பி வைக்கிற வேலை என்னுடையது. தம்பியின் கம்ப்யூட்டரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை; ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்துவிடுகிறேன் என்றேன். அன்று மாலை அட்டவணைக்காரர் கேமராவோடு காத்திருக்கிறார் என்று வினாடி மூன்று தடவை போன் செய்தார். தலைகால் புரியாத அவசரத்தில் மொத்தப் பட்டியலுக்கும் அனுப்பிவிட்டேன். ஏழு வினாடி. முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். வினாடி எல்லோருக்கும் கேக் வாங்கி வைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தம்பி பொத்தானை அமுக்கியிருக்கிறார். குரல் வரவில்லை. ஸ்பீக்கர் வயரைத் தடவிப் பார்த்தார், சரியாக இருந்தது. விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. சரி, உள்ளே ஏதோ ஒன்று எழுந்திருக்கவில்லை, 'பொறு' அதற்காக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார். மூன்று முறை கேட்டும் வராவிட்டால் அது வாய்விட்டுச் சொல்லிவிடும், இல்லை பீப்பாவது அடிக்கும். இரண்டும் இல்லை என்றால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அக்கா எழுதியது என்ற நம்பிக்கையில் அந்த மனுஷர் இரண்டு மணி நேரம் நாற்காலியை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு மணிக்குள் ஒரு விசாரணைப் பதிவை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அக்காவைப் போனில் பிடிக்கப் பார்த்தார். டிப்போவில் வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். பத்து மணிக்குமேல் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

எதிர்வீட்டு அம்மா வந்து திரையைப் பார்த்தார்.

"தயார்னு பச்சையா போட்டிருக்குங்க. நல்லாத்தான இருக்கு?" என்றாராம்.

அக்கா இதை எனக்குப் போனில் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் சப்பைக்கட்டுக் கட்டினேன். பட்டியல் தானாகவே போய்விட்டது, சரியாகக் கவனிக்கவில்லை, இப்போதே வந்து பழைய பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்று உளறினேன். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பின்னறைக்காரர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். பெட்டியில் டிக் போடச் சொல்லியிருக்கலாமே என்றார் வினாடி. இது அரிதான நிலை, ஒரு புகாராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள் என்றார் சட்டம். பெரியதின் ஆட்கள் எழுதிய அதே சொல். நாங்கள் யாரைப் பிடிக்காமல் வெளியே வந்தோமோ அவர்களாகவே ஆகிவிட்டோம். அதுவும் ஒரு பைசா வாங்காமல். அந்த நிமிஷத்தில் எனக்கு அந்த அறை, அந்த மை நாற்றம், தட்டில் காய்ந்து கிடந்த கேக், எல்லாமே பிடிக்காமல் போயிற்று.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. தம்பிதான் கதவைத் திறந்தார். செருப்புச் சத்தத்தை வைத்தே நான் என்று தெரிந்துகொண்டு, வாங்க, உட்காருங்க என்றார். பன்னிரண்டு மணி வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார். சாப்பாட்டு மேசைமேல் கம்ப்யூட்டர் இருந்தது. மானிட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதன் வயர் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அக்கா டிப்போ சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். எழுப்பியின் பழைய பதிப்பைப் பிரதி எடுத்து, 'பொறு'வோடு சேர்த்துத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறார். திறந்து கிடக்கிற நிரல்தானே, யாரும் பிரதி எடுத்துக்கொண்டு தன் வழியே போகலாம். இனி அதில் எந்த ஓட்டை விழுந்தாலும் அவரே அடைக்க வேண்டும், வெளியில் வருகிற ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரே ஈடு கொடுக்க வேண்டும். ஐந்து பேர் மூச்சுத் திணறிச் செய்த வேலை. பயன்படுத்தப் போவது ஒரே ஓர் ஆள்.

நான் எதற்கு வந்தேனோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"அக்கா, நான் நீக்க வேணாம்னுதான் ஓட்டுப் போட்டேன். அவங்க கேக்கல," என்றேன்.

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பிதான் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மொத்தம் எத்தனை பேருங்க?" என்றார்.

"அஞ்சு."

"நீக்க வேணாம்னு விழுந்த ஓட்டு?"

நான் சுருட்டி வைத்திருந்த மானிட்டர் வயரைப் பார்த்தேன்.

"ஒண்ணு," என்றார் அவரே. "அது அக்கா போட்டது."

கோபமாகச் சொல்லவில்லை. விசாரணைப் பதிவிலிருந்து ஒரு வரியைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது போலச் சொன்னார். மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து ஓட்டை ஒளித்து வைத்த நாங்கள், ஐந்தில் ஒன்று போனால் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அக்கா பொத்தானை அமுக்கினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பொறுங்க," என்றார்.

மூன்று பேரும் காத்திருந்தோம். விசிறி சுழன்றது. பதினொரு வினாடி என்பது எவ்வளவு நேரம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு ஸ்பீக்கரிலிருந்து குரல் வந்தது: தயார். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேலையைத் தொடங்கிவிட்டார்.

அக்கா எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"சரி, கிளம்புங்க," என்றார்.

டிப்போவில் வண்டிகளுக்குச் சொல்கிற அதே குரல்தான். நான் படியிறங்கினேன். மேலே கதவு சாத்துகிற சத்தம் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இறங்கினேன், வரவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோது, அக்கா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்டைத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போனார்.